மதகும் கலிங்கும்: நீச்சற்குளத்தின் மேல்நீரைத் தூய்மையாக வைத்தல்

நம் நாட்டு ஏரிகளில் நீர் வெளியேறுவதற்கு இருவகை வழிகள் உண்டு என்பதைக் கிராமத்தில் பிறந்த எவரும் அறிவர். ஒன்று மதகு; மற்றொன்று கலிங்கு. மதகு அடிநீரை வாங்கி வாய்க்காலுக்கு அனுப்புகிறது. கலிங்கோ ஏரி நிரம்பிய பின் மிகுதியாகும் மேல்நீரை மட்டும் வழியவிடுகிறது. மைசூருப் பகுதிக் கன்னட உழவர் முன்னதைத் தூபு என்றும் பின்னதைக் கோடி என்றும் கூறுவர். தூபு என்பது நம் தூம்பு என்ற சொல்லே.

மதகைத் திறந்து எத்தனை நாள் நீரை விட்டாலும் ஏரியின்மேல் மிதக்கும் வைக்கோலும் சருகும் அதன் வழியே செல்வதில்லை. நீர் இறங்க இறங்க அவையும் உடன் இறங்கி, இறுதியில் சேற்றில் படிகின்றன. ஆனால் ஒருநாள் கலிங்கு பாய்ந்தால் போதும். மிதந்தவை அனைத்தும் அந்நீரோடு அடித்துச் செல்லப்படும். இந்தச் சாதாரண உண்மையே நீச்சற்குளத்தைத் தூய்மையாக வைக்கும் முறைக்கு அடிப்படையாகும். மிதக்கும் பொருளை அடிவழியாக அகற்ற இயலாது. அது மிதக்கும் காலத்திலேயே மேல்நீரோடு சேர்த்து வெளியேற்ற வேண்டும்.

இப்பாடத்தை விளக்க மைசூரு நகரம் மிகவும் ஏற்றது. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1864-ல் அமைக்கப்பட்ட குக்கரஹள்ளி ஏரி இந்நகரின் மேற்குப் பகுதியில் ஏறக்குறைய 150 ஏக்கர் பரப்பில் விளங்குகிறது. அதற்கு அண்மையிலுள்ள சரஸ்வதிபுரத்தில் மைசூருப் பல்கலைக்கழகத்தின் நீச்சற்குளம் இருக்கிறது. இயற்கை முறையில் வாழும் பெருநீர் ஒன்று. மனிதர் குளிப்பதற்கென்றே காக்கப்படும் சிறுநீர்த் தொட்டி ஒன்று. இவ்விரண்டையும் ஒப்புநோக்கும் மாணாக்கர் நீர்ப்பரப்பின் இயல்பை எளிதில் உணர்வர்.

மிதப்பன எவை?

நீச்சற்குளத்தின் மேற்பரப்பில் சேரும் பொருள்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, கண்ணுக்குப் பெரிதாய்த் தெரிவன: இலை, பூ, காய்ந்த நெற்று, சிறகு, காகிதத் துண்டு முதலியவை. மைசூருவின் சாலைகளிலும் வளாகங்களிலும் தூங்குமூஞ்சி மரமும் குல்மோகரும் மிகுதி. தூங்குமூஞ்சி மரம் கோடையின் தொடக்கத்தில் இலை உதிர்க்கும். குல்மோகரின் சிற்றிலைகளோ ஒரு சென்டிமீட்டர் அளவே உடையவை. கண் அகன்ற வலையில் அவை நிற்பதில்லை.

இரண்டாவது, நுண்ணிய பொருள்கள்: தூசி, மகரந்தம், சிறு பூச்சிகள், தலைமயிர், தோலிலிருந்து உதிரும் செதில். முதல் கோடை மழைக்கு முன் வீசும் புழுதிக்காற்று ஒரே மாலையில் குளத்தின்மேல் மங்கலான போர்வையை விரித்துவிடும்.

மூன்றாவது, கண்ணுக்கே புலப்படாத எண்ணெய்ப் படலம். தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய், உடலின் இயற்கைக் கொழுப்பு, முகப்பூச்சு ஆகியவை நீரில் கரையாமல் மேலே பரவுகின்றன. சுவரின் நீர்மட்டக் கோட்டில் படியும் கருமையான பிசுக்கு இவற்றின் அடையாளமே.

இம்மூன்றில் முதலாவதே கண்ணை உறுத்துகிறது. ஆயினும் உடல்நலத்துக்கு மிகுதியும் தொடர்புடையவை மற்ற இரண்டுமே. நீந்துபவரின் வாயும் மூக்கும் கண்ணும் எப்போதும் இருக்குமிடம் மேற்பரப்பே ஆகும். கொழுப்பும் அழுக்கும் சேரும் அந்த மெல்லிய படலத்தில் நுண்ணுயிர்களும் அடிநீரைவிட மிகுதியாகத் திரளுகின்றன.

மிதக்கும் காலம் சிறிது

காய்ந்த இலை ஏன் மிதக்கிறது? அதன் திசுக்களில் காற்று அடைபட்டிருக்கிறது. அதன் தோலின்மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் நீர் உடனே ஒட்டுவதில்லை. மிகச் சிறிய தூசியும் பூச்சியும் நீரைவிட அடர்த்தி மிகுந்தவையாயினும் பரப்பு இழுவிசையினால் தாங்கப்படுகின்றன. நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய மெல்லிய தோல்போல இயங்குவதே இதற்குக் காரணம்.

ஆனால் இந்நிலை நிலையானதன்று. மணிக்கணக்கில் நீரில் கிடக்கும் இலை சிறிது சிறிதாக நீரை உறிஞ்சுகிறது. அடைபட்ட காற்று வெளியேறுகிறது. இலை கனத்துத் தாழ்கிறது. எண்ணெய்ப் படலம் பரவும்போது பரப்பு இழுவிசை குறைவதால் தூசியும் மூழ்கத் தொடங்குகிறது. நீந்துவோர் கலக்கும்போது இது மேலும் விரைவாகிறது. காலையில் ஒரு வலையால் ஐந்து நிமிடத்தில் எடுக்கக்கூடிய சருகு, மறுநாள் அடியில் படிந்து, துலக்கித் துடைக்க அரைநாள் வேலையாகிவிடுகிறது.

மூழ்கிய இலை வெறுமனே கிடப்பதில்லை. அதிலிருந்து கசியும் துவர்ப்புப் பொருள்கள் தரையிலும் சுவரிலும் கறை ஏற்படுத்துகின்றன. அழுகும் பொருள் நீரிலுள்ள குளோரினைச் செலவழித்துவிடுகிறது. நீச்சற்குளத்து நீரில் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை கட்டற்ற குளோரின் இருப்பது வழக்கமான அளவு. கிருமிகளை அழிக்க வேண்டிய இந்தச் சிறு கையிருப்பு, சருகையும் அழுக்கையும் எரிப்பதிலேயே தீர்ந்துபோனால் கிருமிகளுக்கு எதிராக எஞ்சுவது யாது? மேலும், வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் பொருள்களோடு குளோரின் கூடும்போது குளோரமின்கள் பிறக்கின்றன. குளத்தில் கண் எரிவதற்கும் மூக்கைத் துளைக்கும் நெடிக்கும் காரணம் பெரும்பாலும் இவையே. ‘மருந்து நெடி வீசுகிறது; ஆகவே நீர் சுத்தமாக இருக்கிறது’ என்று எண்ணுவது தவறு. அந்நெடி அழுக்கு மிகுந்ததன் அறிகுறியாகும்.

இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. கரையில் நிற்கும் காவலருக்குக் குளத்தின் அடித்தரை தெளிவாகத் தெரிய வேண்டும். ஆழமான இடத்திலுள்ள வடிகாலின் மூடி கரையிலிருந்து பார்க்கும்போது தெளிவாகத் தெரியாவிடில் குளத்தைத் திறக்கலாகாது என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் விதி. நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை. கைகளை வீசி அழைப்பதுமில்லை. ஓசையின்றியே அது தாழ்ந்துவிடுகிறது. சருகும் படலமும் மூடிய மேற்பரப்பின் கீழே கிடக்கும் சிற்றுருவத்தைக் காவலர் காணாமற்போகும் ஒரு நிமிடம் உயிரைக் குடித்துவிடும். 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் நீரில் மூழ்கி இறந்தோர் 38,000-க்கு மேற்பட்டவர் என அரசாங்கப் பதிவுகள் கூறுகின்றன. இவர்களுள் பெரும்பாலோர் ஆறு, ஏரி, கிணறு முதலியவற்றில் இறந்தவர்களே. எனினும், நீந்தக் கற்பிக்கும் இடத்திலேயே ஓர் உயிர் இழக்கப்படுமாயின் அக்குளத்தின் நோக்கமே கெடும். மேற்பரப்பைத் தூய்மை செய்வது அழகுக்காக மட்டும் அன்று என்பதைப் பணியாளர் மனத்தில் இருத்த வேண்டும்.

காற்று கற்பிக்கும் பாடம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மைசூருவில் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் காற்று வீசுகிறது. அக்காலத்தில் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடப்பவர், மிதக்கும் சருகும் நுரையும் கிழக்கு, வடகிழக்குக் கரைகளை நோக்கி ஒதுங்குவதைக் காணலாம். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் இவ்வொதுக்கம் திசை மாறுகிறது.

காற்று நீரின் மேற்படலத்தைத் தன்னோடு இழுத்துச் செல்கிறது. அவ்வாறு நகரும் மேல்நீரின் வேகம் காற்றின் வேகத்தில் ஏறக்குறைய நூற்றில் 3 பங்கு. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகமுள்ள மெல்லிய காற்றில் இது வினாடிக்குச் சுமார் 8 சென்டிமீட்டர் ஆகும். இக்கணக்குப்படி 25 மீட்டர் நீளமுள்ள நீச்சற்குளத்தில், ஒரு முனையில் விழுந்த இலை ஐந்து நிமிடத்தில் மறுமுனையை அடையலாம்.

ஆகவே, காற்று நமக்குச் சம்பளமில்லாத வேலையாள். அது அழுக்கைத் திரட்டிக் கொடுக்குமிடத்தில் நாம் வாயில் வைத்தால் வேலை பாதியாகக் குறையும். நீரை வாங்கும் வாய்களைக் காற்று ஒதுக்கும் பக்கத்தில் அமைக்க வேண்டும். வடிகட்டியிலிருந்து திரும்பும் நீரை எதிர்ப்பக்கத்திலிருந்து அவ்வாய்களை நோக்கிப் பாயவிட வேண்டும். காற்றும் நீரோட்டமும் ஒரே திசையில் செல்லுமாறு அமைப்பதே இதன் இரகசியம். இரண்டும் எதிரெதிராக இருந்தால் சருகு நடுக்குளத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும்.

சிறு கலிங்கு: ஸ்கிம்மர்

நீச்சற்குளங்களில் கலிங்கின் வேலையைச் செய்யும் கருவிக்கு ஸ்கிம்மர் என்று பெயர். இது குளத்தின் சுவரில், நீர்மட்டத்தில் பதிக்கப்பட்ட ஒரு பெட்டி. அதன் வாயில் கீல் பொருத்திய ஒரு பலகை மிதந்துகொண்டிருக்கும். பம்பு நீரை இழுக்கும்போது பலகை சற்றுத் தாழ்ந்து, மிக மெல்லிய மேல்நீரை மட்டும் தன்மேல் வழியவிடும். வழிந்த நீர் பெட்டியினுள்ளே இருக்கும் கூடையின் வழியே செல்லும். பெரிய சருகு கூடையில் தங்கும். நுண்ணியவை பம்பின் வழியே மணல் வடிகட்டியைச் சேரும். பம்பு நின்றால் பலகை எழுந்து வாயை மூடிக்கொள்ளும். உள்ளே சென்ற சருகு மீண்டும் குளத்துக்கு வாராது.

இதன் பயனைக் கணக்கிட்டுக் காண்போம். 25 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் சராசரி 1.5 மீட்டர் ஆழமும் உள்ள பள்ளிக் குளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் நீர் 375 கன மீட்டர். அதாவது 3,75,000 லிட்டர். மேற்பரப்பு 250 சதுர மீட்டர். மேலே உள்ள ஒரு சென்டிமீட்டர் நீர் மட்டும் 2,500 லிட்டர். இது முழுநீரில் 150-ல் ஒரு பங்கே. எனினும் மிதக்கும் அழுக்கு முழுவதும் இந்த ஒரு பங்கிலேயே இருக்கிறது.

ஆறு மணி நேரத்தில் குளத்து நீர் முழுவதும் ஒருமுறை வடிகட்டப்படுமாறு பம்பு அமைந்திருந்தால், மணிக்கு 62,500 லிட்டர் அதன் வழியே செல்லும். அந்நீரை அடிவடிகாலின் வழியாகவே இழுத்தால் மேற்பரப்பு பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். மேல்வழியாக இழுத்தாலோ 2,500 லிட்டர் மேல்நீருக்கு ஒப்பான அளவு இரண்டரை நிமிடத்துக்குள் கடந்துவிடுகிறது. மூலைகளில் தேங்கிய நீர் வந்துசேர இதனினும் அதிக நேரம் பிடிக்கும் என்பது உண்மையே. ஆயினும் ஒரே பம்பு, ஒரே மின்சாரம். வாங்கும் இடத்தை மாற்றுவதால் விளையும் வேறுபாடு எத்துணைப் பெரிது என்பதை நோக்குக. பெரும்பகுதி நீரை மேலிருந்தும், அடியில் தேக்கம் ஏற்படாதவாறு சிறுபகுதியைக் கீழிருந்தும் வாங்குவதே சிறந்தது.

பொதுக் குளங்களில் சுமார் 45 முதல் 50 சதுர மீட்டர் பரப்புக்கு ஒரு ஸ்கிம்மர் எனக் கொள்வது வழக்கம். அதன்படி நம் உதாரணக் குளத்துக்கு ஐந்து அல்லது ஆறு தேவை. போட்டிகளுக்குரிய பெரிய குளங்களில் நான்கு பக்கமும் விளிம்போடு ஓடும் வழிகால் அமைப்பர். நீர் எப்போதும் விளிம்பில் வழிந்து அக்காலில் விழும். அங்கிருந்து ஒரு சமநிலைத் தொட்டியை அடையும்.

இத்தொட்டி எதற்காக? 35 கிலோ எடையுள்ள மாணாக்கர் 40 பேர் ஒருங்கே குளத்தில் இறங்கி மிதந்தால், ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி அவர்கள் 1,400 லிட்டர் நீரை இடம்பெயர்ப்பர். 250 சதுர மீட்டர் பரப்பில் இது நீர்மட்டத்தை ஐந்தரை மில்லிமீட்டருக்கும் மேல் உயர்த்தும். இம்மிகை நீர் வழிந்து வீணாகாமல் தங்கியிருந்து, அவர்கள் கரையேறியதும் திரும்பி வரவே சமநிலைத் தொட்டி பயன்படுகிறது.

ஸ்கிம்மர் நன்கு வேலை செய்ய நீர்மட்டம் அதன் வாயின் நடுவில் நிற்க வேண்டும். மட்டம் தாழ்ந்தால் பம்பு காற்றை உறிஞ்சிப் பழுதாகும். மட்டம் மிக உயர்ந்தால் பலகை முழுகி, மெல்லிய மேல்நீர் விரைந்து வழியும் செயல் நின்றுவிடும். மைசூருவின் ஏப்ரல் வெயிலில் ஆவியாதலால் ஒரு வாரத்தில் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நீர் குறையக்கூடும். மே மாதத்து ஒரு பெருமழையோ அதனை ஒரே இரவில் ஈடுசெய்துவிடும். ஆகவே, காலைதோறும் முதலில் பார்க்க வேண்டியது நீர்மட்டமே.

கூடையை நாளுக்கு ஒரு முறையேனும், இலையுதிர் காலத்தில் இரண்டு மூன்று முறையும் வெறுமையாக்க வேண்டும். நிறைந்த கூடை ஓட்டத்தைத் தடுக்கும். கூடையை எடுக்குமுன் பம்பை நிறுத்துவது கட்டாயம். குழந்தைகள் ஸ்கிம்மரின் வாயில் கை விடுவதையோ அடிவடிகாலின் மேல் உட்காருவதையோ ஒருபோதும் அனுமதித்தல் கூடாது. பம்பின் உறிஞ்சும் விசை உடலையோ தலைமயிரையோ பற்றிக்கொண்டால் வலியவராலும் விடுவிக்க இயலாது. வடிகாலின் மூடி உடைந்தோ கழன்றோ இருந்தால் குளத்தை உடனே மூட வேண்டும்.

விலக்குவது வேறு, அகற்றுவது வேறு

ஊருணியில் நீர் மொள்ளும் பெண்கள் குடத்தின் அடியால் நீரை இருமுறை தள்ளிப் பாசியை விலக்கிவிட்டுக் குடத்தை அமிழ்த்துவர். குடம் எழுந்த மறுகணமே விலகிய பாசி மீண்டும் கூடிவிடும். நீச்சற்குளத்தில் வலையை விரைவாக வீசி இழுப்பவர் செய்வதும் இதுவே. அவர் எழுப்பும் அலை சருகை விலக்குகிறதேயன்றி அகற்றுவதில்லை.

ஸ்கிம்மர் இல்லாத குளத்திலும், இருந்தும் மிகுதியாகச் சருகு விழும் நாட்களிலும் கைவேலை தேவைப்படுகிறது. நீண்ட கோலின் முனையில் பொருத்திய தட்டையான வலையை, அதன் விளிம்பு பாதி நீருக்குள்ளும் பாதி வெளியிலுமாக வைத்து மெதுவாக நகர்த்த வேண்டும். காற்று ஒதுக்கிய மூலையில் தொடங்குக. வலை நிறையுமுன் அதனைத் தூக்கி, குளத்தின் விளிம்பிலன்றித் தொலைவிலுள்ள தொட்டியில் கொட்டுக. விளிம்பில் குவித்த சருகு அடுத்த காற்றில் மீண்டும் குளத்தில் விழும். அலுமினியக் கோலைத் தூக்கும்போது மேலே மின்கம்பி உண்டா என்று பார்த்தல் அவசியம்.

நுண்தூசியும் படலமும் படர்ந்திருக்கும்போது வலை உதவாது. அப்போது மிதக்கும் ஒரு கயிற்றையோ நீண்ட மூங்கிலையோ குளத்தின் குறுக்கே இட்டு, இருவர் இருகரையிலும் ஒத்த நடையில் அதனை ஸ்கிம்மர் உள்ள பக்கத்துக்கு இழுத்துச் செல்லலாம். மேற்பரப்பு முழுவதும் பாய்போலச் சுருண்டு ஒரு பக்கம் சேரும்.

இம்முறைக்குப் பின்னே ஓர் அரிய விஞ்ஞான வரலாறு உண்டு. ஜெர்மனியின் பிரௌன்ஷ்வைக் நகரில் வாழ்ந்த ஆக்னஸ் பாக்கல்ஸ் என்ற அம்மையார் பல்கலைக்கழகம் சென்றவரல்லர். வீட்டு வேலைகளுக்கிடையே, தகரத் தொட்டியில் நீர் நிரப்பி, அதன் குறுக்கே ஒரு தகரப் பட்டையை நகர்த்தி, நீரின் மேற்படலத்தை வழித்தும் நெருக்கியும் ஆராய்ந்தார். படலம் நெருங்கும்போது பரப்பு இழுவிசை மாறுவதை அளந்து, தம் முடிவுகளை ரேலி பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். அக்கடிதம் 1891-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியாயிற்று. இம்முறையை மேலும் செம்மைப்படுத்திய இர்விங் லாங்மியூர், மேற்பரப்பு வேதியியலில் செய்த ஆராய்ச்சிக்காக 1932-ல் நோபல் பரிசு பெற்றார். குளக்கரையில் கயிறு இழுக்கும் பணியாளரும் அந்த அம்மையாரின் தகரப் பட்டையையே பெரிய அளவில் கையாளுகிறார்.

வருமுன் காத்தல்

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின், லண்டனை அடுத்த கிளாபம் குளத்தில் ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத எண்ணெயை ஊற்றிப் பார்த்தார். அது ஏறக்குறைய அரை ஏக்கர் பரப்பில் பரவி அலையை அடக்கியது என்று 1774-ல் வெளியிட்டார். இதனை நம் குளத்துக்குப் பொருத்துவோம். ஒரு மில்லிலிட்டர் எண்ணெய் 250 சதுர மீட்டரில் சீராகப் பரவினால் படலத்தின் கனம் 4 நானோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரை இரண்டரை இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு. மூலக்கூறுகளின் அளவுக்கு நெருங்கிய இப்படலமே மேற்பரப்பை மாற்றப் போதுமானது. எண்ணெய் தேய்த்த ஒரே தலை குளம் முழுவதையும் மூடிவிடும்!

ஆகவே, குளத்தில் இறங்குமுன் சோப்பிட்டுக் குளித்து நன்கு அலசிக்கொள்ள வேண்டும் என்ற விதி வெறும் சடங்கன்று. அவ்விதியை அறிவிப்புப் பலகையில் எழுதுவதோடு நில்லாமல், காரணத்தையும் மாணாக்கருக்குக் கூறினால் அவர்கள் மனமுவந்து பின்பற்றுவர். தலைக்கு இறுகிய குல்லாய் அணிவது மயிர் உதிர்வதைத் தடுக்கும்.

மரங்களைப் பொறுத்தவரை, நிழல் தரும் முதிர்ந்த மரத்தை வெட்டுவது தீர்வாகாது. குளத்தின்மேல் நீண்டுள்ள கிளைகளை மட்டும் பருவமறிந்து கழித்தல் போதும். புதிய குளம் அமைப்போர் காற்று வரும் பக்கத்தில் சிற்றிலை மரங்களை நடாதிருத்தல் நலம். சுற்றுத் தளத்தின் சரிவு குளத்தை நோக்கியன்றி வெளிநோக்கி அமைய வேண்டும். இல்லையேல் மழைநீர் புழுதியையெல்லாம் குளத்தில் சேர்க்கும்.

மூடிக் கிடக்கும் குளம்

விடுமுறையிலோ பழுதுபார்க்கும் காலத்திலோ பம்பை நிறுத்திக் குளத்தை மறந்துவிடுவது பெருந்தவறு. வெயிலில் குளோரின் விரைவில் அழிந்துபோகும். சருகு மிதக்கும் தேங்கிய நீர் கொசுக்களுக்குச் சிறந்த பிறப்பிடம். கொசுப் புழுக்கள் நீரின் மேற்பரப்பிலேயே மூச்சு விடுகின்றன. மிதக்கும் இலைகள் அவற்றுக்கு மறைவிடமாகின்றன. முட்டை கொசுவாக மாற வெப்பமான பருவத்தில் ஏழு முதல் பத்து நாட்களே போதும். நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டெபென்சி தொட்டி, கிணறு, பயன்படாத நீச்சற்குளம் ஆகியவற்றில் பெருகுவதாகும். ஆதலால் சுகாதாரக் களப்பணியாளர் தம் வட்டத்திலுள்ள நீச்சற்குளங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, மூடிய குளங்களை வாரம் ஒருமுறை பார்வையிட வேண்டும். நீரை வடித்துவிட்ட குளத்தின் ஆழமான மூலையில் சருகின் அடியே எஞ்சும் ஒரு சாண் நீரையும் மறத்தலாகாது.

ஏரிக்கு நீதி வேறு

இங்கு ஆசிரியர்கள் ஓர் எச்சரிக்கையை மாணாக்கருக்குக் கூற வேண்டும். நீச்சற்குளத்தில் அழுக்காகும் இலை ஏரியில் அழுக்கன்று. அங்கே அது மட்கிப் புழுவுக்கும் பூச்சிக்கும் உணவாகி, அவை மீனுக்கும் மீன் நாரைக்கும் உணவாகின்றன. குளோரினோ வேறு மருந்தோ ஏரிக்கு ஏற்றதன்று.

ஏரியின் பரப்பு கெடுவது சருகினாலன்று; சாக்கடை கலப்பதால் மிகும் ஊட்டப் பொருள்களினாலேயே. அவை ஆகாயத்தாமரையையும் பாசியையும் அளவின்றி வளரச் செய்கின்றன. ஏற்ற சூழலில் ஆகாயத்தாமரை இரண்டு வாரத்துக்குள் இருமடங்காகும். எட்டில் ஏழு பங்கை அரும்பாடுபட்டு அகற்றினாலும், எஞ்சிய ஒரு பங்கு மும்முறை இரட்டித்தால், ஏறக்குறைய ஆறே வாரத்தில் ஏரி பழையபடி மூடிவிடும். 1980-களில் பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சிக் கழகம், ஆகாயத்தாமரையை மட்டுமே உண்ணும் நியோகெட்டினா என்ற கூன்வண்டு இனங்களை வரவழைத்து, அந்நகரத்து ஏரிகளில் விட்டு நற்பயன் கண்டது. ஆயினும் சாக்கடை நீரைத் தடுக்காமல் செடியை மட்டும் ஒழிப்பது முழுத்தீர்வாகாது. குளத்துக்குக் குளியல், ஏரிக்குக் கழிவுநீர்த் தடுப்பு. இரண்டிலும் வருமுன் காத்தலே முதற்கடமை.

வகுப்பறைப் பரிசோதனைகள்

1. ஒரு பழைய வாளியின் அடியில் ஒரு துளையும், விளிம்பில் ஒரு வெட்டும் இடுக. அடித்துளையை அடைத்து, வெட்டுக்குச் சற்றுத் தாழ்வாக நீர் நிரப்பி, மேலே ஒரு பிடி உமியைத் தூவுக. முதலில் அடித்துளையைத் திறந்து நீரை வடியவிட்டு, உமி எப்போது வெளியேறுகிறது எனக் காண்க. மீண்டும் நிரப்பி, அடித்துளையை மூடி, மேலிருந்து மெல்ல நீர் ஊற்றி வெட்டின் வழியே வழியவிடுக. மதகும் கலிங்கும் செய்யும் வேலையின் வேறுபாடு கண்முன் விளங்கும்.

2. அகன்ற தாம்பாளத்தில் நீர் ஊற்றி மிளகுத்தூளைத் தூவுக. சோப்பு நீரில் தோய்த்த குச்சியால் நடுவில் தொடுக. தூள் விளிம்புக்கு ஓடுவதையும், பின்னர் சிறிது மூழ்குவதையும் குறித்துக்கொள்க.

3. பள்ளி வளாகத்தில் கிடைக்கும் ஐவகைக் காய்ந்த இலைகளில் வகைக்குப் பத்தாக எடுத்து ஒரு தொட்டியில் இடுக. மணிக்கொருமுறை மூழ்கியவற்றை எண்ணி அட்டவணையாக்குக. அவ்வூர்க் குளத்தில் எவ்வளவு நேரத்துக்குள் சருகை எடுக்க வேண்டும் என்பதை மாணாக்கரே முடிவு செய்வர்.

பயிற்சி வினாக்கள்

1. அடிவடிகால் மட்டுமே உள்ள குளத்தில் மேற்பரப்பு ஏன் தூய்மையாவதில்லை?

2. 20 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள குளத்தில் 15 மில்லிமீட்டர் மழை நேரடியாகப் பெய்தால் சேரும் நீர் எத்தனை லிட்டர்? இதனால் ஸ்கிம்மரின் செயல் எவ்வாறு பாதிக்கப்படும்?

3. உங்கள் ஊரில் ஆண்டின் ஒவ்வொரு பருவத்திலும் காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது? அங்கே ஒரு குளம் அமைத்தால் மேல்நீரை வாங்கும் வாயை எப்பக்கம் வைப்பீர்கள்?

4. உங்கள் ஊர் ஏரியின் மதகையும் கலிங்கையும் நேரில் கண்டு படம் வரைக. கலிங்கு இன்றும் அடைபடாமல் இருக்கிறதா?